ஊர் கொடுத்த சைக்கிள்கள்

ஜெனோவா,
1994 மே 12

அன்புள்ள பக்கீசியோ,

நேற்று நாம் போனில் பேசியதைப் பேச்சு என்றே சொல்ல முடியாது. "எப்ப வர்ற?" என்று நான் கேட்கிறேன். நீ வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பார்க்காரன் பெப்பூ, "சீக்கிரம் வர்றேன்னு சொல்லித் தொலைடா, அதக் கேட்டாத்தான் பொம்பளைங்க போனை வைப்பாங்க" என்கிறான். பார் முழுக்கச் சிரிப்பு. நீயும் சேர்ந்து சிரித்தாய், எனக்குக் கேட்டது. மலைச்சாலையில் ஒண்டியாக நிற்கும் நம் வீடு வரைக்கும் போன் கம்பி இழுக்க மாட்டார்கள் என்றால், இனிமேல் நமக்குள் கடிதம்தான். கடிதம் படிக்கும்போது உன் தோளுக்குப் பின்னால் நின்று சிரிக்க ஆளிருக்காது.

இங்கே நானும் மிம்மியாவும் நலம். என் செருப்பு அவளுக்குச் சரியாக இருக்கிறது, அவ்வளவு வளர்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் என்னைக் குழந்தைகள் வார்டிலேயே நிரந்தரமாகப் போட்டுவிட்டார்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது. நம் ஊர் ஓரோலாக்கேயில் இருந்தவரை நான் சைக்கிள்காரர்களுக்குத் தண்ணீர் பாட்டில் நிரப்பிக் கொடுக்கிற பக்கீசியோ பெண்டாட்டி. இங்கே எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தை மூடியபோது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நான் கப்பலேறினேன். "இந்த ஒரு சீசன் முடியட்டும், பின்னாடியே வந்துடறேன்" என்றாய். அப்புறம் இன்னொரு சீசன், அப்புறம் இன்னொன்று என்று மூன்று வருஷம் ஓடிவிட்டது. எங்கிருந்தோ வருகிற ஜெர்மன்காரர்களுக்கெல்லாம் மலையில் வழி காட்டுகிறாய். பெண்டாட்டி பிள்ளை இருக்கிற இடத்துக்கு வழி மட்டும் உனக்குத் தெரியவில்லை.

துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. முதலாளி ஒலிவாரி வயதானவர். வீல் பெண்டு எடுக்கத் தெரிந்த ஆள் செப்டம்பரிலிருந்து வேண்டும் என்கிறார். உன்னைப் பற்றிச் சொன்னேன். "சார்தீனியாத் தீவுக்காரனா? வாயே தொறக்க மாட்டானே!" என்றார். "இவன் நல்லாப் பேசுவான், வரத்தான் மாட்டான்" என்றேன். வந்தால் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

செப்டம்பரில் மிம்மியாவுக்கு நடுநிலைப் பள்ளி தொடங்குகிறது. அதற்குள் நீ வந்துவிட வேண்டும். இன்னொரு சீசன் காத்திருக்க எனக்குத் தெம்பில்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை. உன்மேல் இன்னும் ஆசையாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

உன்,
பொனாரியா


சிவப்பு வீடு, ஓரோலாக்கே,
1994 ஜூன் 3

என் பொனாரியாவுக்கு,

தபால்காரி கடிதத்தைக் கையில் எடைபோட்டுப் பார்த்துவிட்டு, "ஜெனோவாலேர்ந்து. கனமா இருக்கே, திட்டா?" என்று கேட்டாள். திறந்து பார்த்துச் சொல்கிறேன் என்றேன். படித்த பிறகு அவளிடம் சொல்லவில்லை.

பெப்பூ அன்றைக்குச் செய்ததற்கு அவனைப் பிடித்து நன்றாகக் கேட்டுவிட்டேன். "உன் பொண்டாட்டி மேல எனக்கும் அக்கறை இருக்குடா, நீ பதில் சொல்ல மாட்டேன்னுதான் நான் சொன்னேன்" என்கிறான். அவனிடம் நியாயம் பேச முடியுமா?

நேற்று ஒரு டச்சுத் தம்பதியை கென்னா ருயா கணவாய்க்குக் கூட்டிப்போனேன். புதுச் சாலை சுரங்கத்துக்குள் போனதிலிருந்து நம் பழைய சாலையில் வண்டி என்று சொல்ல ஒன்றுமில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு ரொட்டி வேன், ஒரு கழுதை. ஒரு பன்றி குட்டிகளோடு நடுச்சாலையில் படுத்திருந்தது. ஹாரன் அடிக்க ஆளில்லாமல் போனதால் அதற்கு எழுந்திருக்கிற பழக்கமே விட்டுப்போயிற்று. நாங்கள்தான் இறங்கிச் சுற்றிப் போனோம். அந்த அம்மாள் மேலே போய்ச் சைக்கிளைப் பாறையில் சாய்த்துவிட்டுக் கீழே கடலைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். "எங்க கல்யாணத்தப்பகூட இவ அழுவல" என்றார் புருஷன்.

இறக்கத்தில் நான் முன்னால் போனேன். வெயிலில் காய்ந்த செடிகளின் வாசனை, டயர் ஓடுகிற சத்தம், ஆட்டு மணி. அந்த நேரத்தில் எனக்கு உலகத்தில் வேறெதுவும் வேண்டாம் என்று தோன்றுகிறது, பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும்தான் என்ன வேண்டும் என்று தெரிகிறது.

ஒலிவாரி கடைக்கு நான் தயார். ஆனால் இந்தச் சைக்கிள்களை என்ன செய்ய? ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்து, மலைக்கு ஏற்ற கியர் மாட்டி, என் கையால் பூட்டியவை. வாங்க ஆளில்லை, ரோட்டில் விட்டுவிட்டு வரவும் மனசில்லை. ஊரில் கேட்டுப் பார்த்தேன். பிரேது மாமா பாரில் எல்லார் முன்னாலும், "காசு குடுத்து வேர்க்கிற கூட்டத்த இப்பத்தான் பாக்கறேன். வேர்க்கணும்னா என் ஆட்டுக்குப் பின்னாடி வரச் சொல்லு, சும்மாவே வேர்க்க வைக்கிறேன்" என்றார். அவருக்கு நான் இன்னும் ஆடு மேய்க்காமல் ஊர் சுற்றுகிற பயல்தான்.

இந்தச் சைக்கிள்கள் மட்டும் இல்லையென்றால் நாளைக்கே கப்பலேறிவிடுவேன். சத்தியமாகச் சொல்கிறேன். மிம்மியாவுக்கு முத்தம்.

உன்,
பக்கீசியோ


சிவப்பு வீடு,
1994 ஜூலை 22

பொனாரியா,

பயப்படாதே, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. டிவியில் நீ பார்ப்பதற்கு முன் இந்தக் கடிதம் வந்துவிட வேண்டும்.

புதன்கிழமை மத்தியானம் நெருப்பு வந்தது. மூன்று நாளாக வடமேற்குக் காற்று. நான் ரொட்டி வாங்க ஊருக்குள் போயிருந்தேன். சர்ச் படியில் நின்று பார்த்தால் நம் வீட்டுப் பக்கம் மலை முழுக்கப் புகை. ஓடினேன். கூட ஊரே ஓடி வந்தது. மரக்கிளைகளை ஒடித்து அடித்தோம், மண்ணை வாரிப் போட்டோம். தீயணைக்கும் விமானம் கடலில் தண்ணீர் மொண்டுகொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வீடு கல் வீடு, நின்றுவிட்டது. சைக்கிள் கொட்டகை போய்விட்டது. உச்சிக் கோடை வெயிலில் யாரும் ஓட்ட வருவதில்லையா, எல்லா சைக்கிளும் உள்ளேதான் இருந்தன. டயர் எரிந்த நாற்றம் இன்னும் சட்டையை விட்டுப் போகவில்லை. சக்கரங்கள் அப்பளம் மாதிரி நெளிந்து கிடக்கின்றன.

யார் வைத்த நெருப்பு என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பெயர் வரும். பெயர் வந்தால் பழிக்குப் பழி என்று எத்தனை வருஷம் ஓடும் என்று உனக்குத் தெரியும். நானும் கேட்கவில்லை.

ஒன்று சொல்கிறேன், திட்டாதே. சாம்பலுக்கு முன்னால் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். அழுது முடித்து எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது. இதற்கு மேல் எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. யாரையும் கேட்க வேண்டியதில்லை, எதையும் விட்டுவிட்டு வருவதாகவும் இல்லை. விடுவதற்கு இங்கே ஒன்றுமே மிஞ்சவில்லை, பொனாரியா. நான் வருகிறேன்.

ஒலிவாரியிடம் சொல்லிவிடு. செப்டம்பர் முதல் வாரம் அர்பதாக்ஸ் துறைமுகத்திலிருந்து கப்பல் பிடிக்கிறேன்.

உன்,
பக்கீசியோ


ஜெனோவா,
1994 ஜூலை 30

என் பக்கீசியோ,

கடிதத்தை வார்டில் நின்றுகொண்டே படித்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பையனின் அம்மா, "ஏம்மா, நல்ல சேதியா கெட்ட சேதியா? ஒரு கண்ணு அழுவுது, ஒரு கண்ணு சிரிக்குது" என்று கேட்டாள். இரண்டும்தான் என்றேன்.

உன் சைக்கிள்களுக்காக நிஜமாகவே வருத்தப்பட்டேன். ஒவ்வொன்றையும் நீ எப்படித் துடைப்பாய் என்று பார்த்தவள்தானே. மிம்மியாவைக்கூட நீ அப்படித் துடைத்ததில்லை. ஆனாலும் ஒரு பத்து நிமிஷம்தான் வருத்தம் தாங்கியது. அப்புறம் சந்தோஷம் வந்துவிட்டது. இதற்காக எனக்குப் பாவம் வந்தால் வரட்டும்.

அலமாரியில் பாதியைக் காலி செய்துவிட்டேன். ஒலிவாரி, "எரிஞ்சு போச்சா? ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு அதே மூச்சில், "அப்ப திங்கக்கிழமையே வருவானா?" என்றார். மிம்மியா பள்ளிக்கூடத்து முதல் நாளுக்கு அப்பாதான் கூட்டிப்போக வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டாள். கப்பல் டிக்கெட்டை நானே எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், செப்டம்பர் மூன்று ராத்திரிக் கப்பல். நீ மறந்துவிட்டேன், கிடைக்கவில்லை என்றெல்லாம் சொல்ல இடம் வைக்கவில்லை.

சீக்கிரம் வா. கட்டிலில் நடுவில் படுத்துப் பழகிவிட்டேன், ஓரத்துக்கு நகர வேண்டும்.

உன்,
பொனாரியா


சிவப்பு வீடு,
1994 ஆகஸ்ட் 18

என் பொனாரியாவுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மாதா திருநாளன்று நான் பூசைக்குப் போகவில்லை. பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானம் பழைய சாலையில் பேச்சுச் சத்தம். வெளியே வந்து பார்த்தால் ஊர் ஆம்பளைகள் முழுக்கத் திருநாள் சட்டையோடு வரிசையாக வருகிறார்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு சைக்கிள். ஓட்டிக்கொண்டு வரவில்லை, பாதிப் பேருக்கு ஓட்டத் தெரியாது. ஆட்டைக் கொம்பைப் பிடித்து இழுக்கிற மாதிரி ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

பிரேது மாமா முன்னால் வந்து நின்றார். "உன் தாத்தனுக்கு இடி விழுந்து மந்த செத்துப்போச்சே, அப்ப எங்கப்பன் ஒரு ஆடு குடுத்தான். இப்ப உன் மந்த வெந்து போச்சு. ஆளுக்கு ஒண்ணு. எண்ணிக் கட்டிக்க" என்றார்.

பராதூரா! மந்தையை இழந்தவனுக்கு வீட்டுக்கு ஓர் ஆடு கொடுத்து மந்தையைத் திரும்ப நிறுத்துகிற அதே பராதூரா. சைக்கிளுக்கும் அது உண்டு என்று யார் நினைத்தார்கள்?

இன்னொன்றைக் கேள். அத்தனையும் லேடீஸ் சைக்கிள்! பராதூராவில் கிடா கொடுப்பதில்லை, பெட்டை கொடுத்தால்தான் மந்தை பெருகும். அந்தக் கணக்கை இதற்கும் போட்டுவிட்டார்கள். நடுக்கம்பி இல்லாத சைக்கிளாகத் தேடித் தேடிக் கொண்டுவந்திருக்கிறார்கள். முன்னால் பூக்கூடை வைத்தது, பாவாடை மாட்டாமலிருக்க வலை போட்டது, மணி அடித்தால் குயில் கூவுகிறது ஒன்று. மாமா மகன் கொனாரியோ, நுவோரோ டவுன் வரைக்கும் போய்க் கடைக்காரனோடு சண்டை போட்டு வாங்கியிருக்கிறான். "உங்களுக்குத்தானே, ஆம்பள சைக்கிள் எடுங்க" என்று கடைக்காரன் சொன்னானாம். "கிடா எவனுக்குய்யா வேணும்?" என்று இவன் கத்தினானாம். பெப்பூ மட்டும் ஒரு ஆம்பளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, "பெட்டை கெடைக்கலடா, கோவிச்சுக்காத" என்று தலையைச் சொறிந்தான். என்னைக் கேலி செய்த அதே ஆட்கள்தான் எல்லாரும். சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றையும் வாங்கிச் சுவரில் சாய்த்தேன்.

கடைசியாக மாமா தன்னுடையதைக் கொண்டுவந்தார். அன்னேசா அத்தை மருத்துவச்சியாக இருந்தபோது வீடு வீடாக ஓட்டிப்போன கறுப்புச் சைக்கிள். நீ பிறந்த அன்றைக்கும் நான் பிறந்த அன்றைக்கும் நம் இரண்டு வீட்டு வாசலிலும் நின்ற சைக்கிள். அத்தை போன பிறகு அவர் யாரையும் அதைத் தொட விட்டதில்லை. "செயின்ல எண்ணெ போட்டிருக்கேன்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன், பொனாரியா. சத்தியமாகத் திறந்தேன். 'நான் ஊரை விட்டுப் போகிறேன்' என்று சொல்லத்தான் திறந்தேன். கூட வந்திருந்த பங்குச் சாமியார் அதற்குள் ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அப்புறம் ஒயின் வந்தது. அவர்கள் யாரும் என் நன்றிக்குக்கூட நிற்கவில்லை, கொடுத்துவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

கொட்டகைக்கும் கூரை போட்டுத் தந்துவிட்டார்கள். பராதூராவை வேண்டாம் என்று சொன்னவன் எவனையாவது நீ கேள்விப்பட்டிருக்கிறாயா? என்ன செய்வதென்று நீயே சொல்லு.

உன்,
பக்கீசியோ


ஜெனோவா,
1994 ஆகஸ்ட் 25

பக்கீசியோ,

லேடீஸ் சைக்கிள் வரைக்கும் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். மிம்மியாவுக்கும் படித்துக் காட்டினேன், அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்னேசா அத்தை சைக்கிள் வந்ததும் நிறுத்திவிட்டேன். மிச்சத்தைக் குளியலறையில் தனியாகப் படித்தேன்.

நீயே சொல்லு என்று எழுதியிருக்கிறாய். சொல்கிறேன். பிரேது மாமா வீட்டுக்குப் போ. தொப்பியைக் கழற்று. "என் பொண்டாட்டி கூப்பிடறா, போறேன்" என்று சொல்லு. அவ்வளவுதான். பாரில் உட்கார்ந்தால் கதை கதையாக அளக்கிறவனுக்கு இந்த ஒரு வரி சொல்ல வராதா? சைக்கிள்களை அவரவர் வீட்டில் திரும்பக் கொடுக்க வேண்டாம், சாமியாரிடம் கொடு, ஊருக்குப் பொதுவாக இருக்கட்டும். அவர்கள் முகம் சுருங்கும். ஒரு மாதம் திட்டுவார்கள். அப்புறம் ஆட்டுக்குக் குளம்பு நோய் வரும், உன்னை மறந்துவிடுவார்கள்.

எனக்கும் அந்த ஊர்தான், பக்கீசியோ. அவர்கள் கொடுத்தது எவ்வளவு பெரிது என்று எனக்கு நீ விளக்க வேண்டாம். ஆனால் அந்த வரிசையில் நின்ற ஒருத்தனாவது, 'இவன் பெண்டாட்டியும் பிள்ளையும் எங்கே' என்று கேட்டானா? சைக்கிள் இல்லாமல் நீ இருக்கக் கூடாது என்று அத்தனை பேருக்கும் தோன்றியிருக்கிறது. நாங்கள் இல்லாமல் நீ இருப்பது யார் கண்ணிலும் படவில்லை. அது எனக்கு வலிக்கிறது, மறைக்க மாட்டேன்.

நாலாம் தேதி காலையில் நானும் மிம்மியாவும் துறைமுகத்தில் நிற்போம். டிக்கெட் உன்னிடம் இருக்கிறது.

பொனாரியா


சிவப்பு வீடு,
1994 செப்டம்பர் 5

பொனாரியா,

நேற்றுக் காலையில் நீங்கள் நின்றிருப்பீர்கள். நான் வரவில்லை. மன்னிக்கச் சொல்லக்கூட வாய் வரவில்லை, என்ன நடந்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

மாமாவிடம் சொல்லத்தான் போனேன். ஒரு தடவையில்லை, மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் அவரே முந்திக்கொண்டார். சாமியார் என்னைக் கேட்காமலேயே மியூனிக்குக்குக் கடிதம் எழுதி, மாதக் கடைசிக்கு ஒரு ஜெர்மன் கூட்டத்தை வரச் சொல்லிவிட்டாராம். பெண்கள் யார் வீட்டில் எந்த நாள் சாப்பாடு என்று பிரித்துக்கொண்டுவிட்டார்களாம். "நீ ஒண்ணும் கவலப்படாத, முன்னாடி போய் ஓட்டு, அவ்வளவுதான் உன் வேலை" என்கிறார் மாமா. நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

கடைசியில், சொல்லாமல் போய்விடுவது என்று முடிவு செய்தேன். பஸ்ஸில் போனால் சதுக்கத்தில் ஏற வேண்டும், எங்கே என்று ஊரே கேட்கும். அதனால் சனிக்கிழமை மத்தியானம் அத்தையின் கறுப்புச் சைக்கிளை எடுத்தேன். இருப்பதில் மலையைத் தாங்குகிற சைக்கிள் அது ஒன்றுதான். பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு பழைய சாலை வழியாக அர்பதாக்ஸுக்குக் கிளம்பினேன். துறைமுகத்துக் காப்பிக்கடையில் சைக்கிளை விட்டுவிட்டு, அங்கிருந்து மாமாவுக்கு நாலு வரி எழுதிப் போடலாம் என்று நினைத்திருந்தேன். வண்டியே வராத சாலை, யார் பார்க்கப் போகிறார்கள்?

மூன்றாவது வளைவிலேயே கொனாரியோ, ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தான். "அம்மா சைக்கிளா அது! எப்பிடிப் போவுது?" என்று கத்தினான். நன்றாகப் போகிறது என்றேன். நிறுத்தச் சொல்லி, பிரேக் கட்டையைத் தொட்டுப் பார்த்து, பெடலைச் சுற்றிப் பார்த்து, அப்புறம் சீட்டைக் கையால் துடைத்துவிட்டான். "ரோட்டப் பாக்கப் போறியா? போ போ, மேல அப்பா இருக்காரு" என்றான்.

எரிந்துபோன சரிவு வழியாக ஏறினேன். செடி ஒன்றுமில்லை, கறுப்புக் கல்தான். ஆனால் சாலையில் ஒரு கல் இல்லை. நெருப்புக்குப் பிறகு அந்தப் பக்கம் தினமும் மண்ணும் கல்லும் உருண்டு விழுகிறது, சாலை மூடிக் கிடக்கும் என்று நினைத்திருந்தேன். பெருக்கிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. கணவாயில் போய்ப் பார்த்தால் மாமாவும் இன்னும் இரண்டு கிழவர்களும் கடப்பாரையோடு நிற்கிறார்கள். ஒரு வாரமாக இதைத்தான் செய்கிறார்களாம், உச்சி வெயிலில், யாரும் சொல்லாமல். "உன் ஜெர்மன்காரனுங்க உருண்டு விழுந்தா எங்களுக்குத்தானே கெட்ட பேரு" என்றார்.

அப்புறம் மாமா என் கேரியரைப் பார்த்தார். பையைப் பார்த்தார். சாலையைச் சோதிக்கிறவன் அவ்வளவு பெரிய பை கொண்டுவர மாட்டான் என்று அவருக்குத் தெரியாதா? மற்ற இரண்டு பேரையும், "கீழ ஒரு கல் கெடக்கு, போய்ப் பாருங்க" என்று அனுப்பினார். கிட்டே வந்து பையின் கயிற்றை அவிழ்த்து, ஆட்டைக் கட்டுகிற முடிச்சாக இறுக்கிப் போட்டார். "ஆடுது. எறக்கத்துல விழுந்துரும்" என்றார். முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "பொனாரியாகிட்ட பிரேது கேட்டாருன்னு சொல்லு. இருட்டறதுக்குள்ள போய்ச் சேரு" என்றார்.

திட்டியிருந்தால் போயிருப்பேன், பொனாரியா. காறித் துப்பியிருந்தால், அத்தை சைக்கிளைக் கொடு என்று பிடுங்கியிருந்தால், நடந்தே துறைமுகத்துக்குப் போயிருப்பேன். அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மறுபடியும் கல்லை நெம்பப் போய்விட்டார். நான் கணவாயில் நின்றேன். கீழே அர்பதாக்ஸ் தெரிந்தது, கப்பலும் வெள்ளையாகத் தெரிந்தது. ஒரே இறக்கம், பெடல் மிதிக்கக்கூட வேண்டாம், பிரேக்கை விட்டால் போதும். டிக்கெட் சட்டைப்பையில் இருந்தது. உன் முகமும் மிம்மியா முகமும் கண்ணுக்கு முன்னால் நின்றன. என் கைகள் பிரேக்கை விடவில்லை.

இருட்டி, கப்பல் விளக்கோடு கிளம்பிப் போகிற வரை நின்றிருந்தேன். அப்புறம் சைக்கிளைத் திருப்பினேன். மாமா அதுவரைக்கும் வீட்டுக்குப் போகாமல் இருந்தார், இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டே கீழே வந்தோம்.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. நான் உன்னோடு இருக்கத்தான் ஆசைப்படுகிறேன். நவம்பரில் சீசன் முடிந்ததும் கட்டாயம் வருகிறேன். மிம்மியாவிடம் சொல். என்னைக் கைவிட்டுவிடாதே.

உன்,
பக்கீசியோ


ஜெனோவா,
1994 செப்டம்பர் 14

அன்புள்ள பக்கீசியோ,

கப்பலிலிருந்து கடைசி ஆள் இறங்கி, லாரிகள் இறங்கி, கூட்டுகிறவர்கள் மேலே ஏறுகிற வரை நின்றோம். "அப்பா தூங்கிட்டிருப்பாரோ?" என்று மிம்மியா ஒரு தடவை கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி வருகிற வழியில், "அம்மா, இனிமே நீ அலமாரில உன் துணிய வச்சுக்கோ" என்றாள். பதினொரு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம்.

நேற்றுப் பள்ளிக்கூடத்துக்கு நான் கூட்டிப்போனேன். ஒலிவாரிக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டது.

உன் கடிதம் வந்தபோது கிழித்துப் போடத்தான் எடுத்தேன். பிரேது மாமா கயிற்றை இறுக்கிக் கட்டிய இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. உன்னைத் திட்ட எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன், எதுவும் மிஞ்சவில்லை. நீ ஏமாற்றுக்காரன் இல்லை. ஏமாற்றுக்காரனாக இருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபம். நீ அந்தக் கணவாயில் நின்ற மாதிரிதான் மூன்று வருஷமாக நின்றுகொண்டிருக்கிறாய். நவம்பரிலும் அங்கேதான் நிற்பாய். உன்னால் அந்தப் பக்கமும் இறங்க முடியாது, இந்தப் பக்கமும் இறங்க முடியாது. உன்னை யாராவது தள்ளிவிட வேண்டும், வேறு யாரும் செய்யப்போவதில்லை.

யோசித்துப் பார்த்தேன். ஓரோலாக்கேயில் எல்லா வீடும் உனக்குக் கொடுத்துவிட்டது. கொடுக்காதது நம் வீடு ஒன்றுதான். நானும் அந்த ஊர்க்காரிதான், எனக்கும் அந்த முறை உண்டு. என்னிடம் ஆடு இல்லை, சைக்கிளும் இல்லை. என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான், நீ வர வேண்டும் என்கிற என் உரிமை. அதைக் கொடுத்துவிட்டேன். இனிமேல் நீ வர வேண்டியதில்லை. நான் துறைமுகத்தில் நிற்க மாட்டேன், நீ எனக்குத் தேதி சொல்ல வேண்டியதில்லை, பொய் சொல்ல வேண்டியதுமில்லை. நிம்மதியாக முன்னால் போய் ஓட்டு.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மிம்மியாவை அனுப்புகிறேன். அர்பதாக்ஸுக்கு நீயே போய் அழைத்து வா, நேரத்துக்குப் போ. அவளுக்கு இருமல் வந்தால் தேன் கொடுத்தால் போதும். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடு, இந்த ஊரில் கற்றுக்கொடுக்க இடமில்லை.

நான் இதை அழாமல் எழுதவில்லை. உன்னை வெறுத்தும் எழுதவில்லை. நீ உடனே பேனாவை எடுப்பாய் என்று தெரியும், எடுக்காதே. பராதூராவை வேண்டாம் என்று சொன்னவன் எவனாவது உண்டா என்று நீதானே கேட்டாய். வாங்கிக்கொள்.

பொனாரியா